கொஞ்சம் அட்ஜஸ்ட்

அத்தியாயம் 9

சின்னவள் கைக்கட்டோடு பிறந்த வீட்டுக்கு வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது என்று முதல் நாள் சொன்னாள். மாட்டவில்லை, பிடித்து வைத்துச் சாத்தினார் என்று மூன்றாம் நாள் அண்ணியிடம் மட்டும் சொன்னாள். சாத்தியவர் அவள் கணவர், பல் டாக்டர். அண்ணி அதைத் தன் கணவனிடம் சொன்னாள். கணவன் தன் அப்பாவிடம் சொன்னான். அப்பா கேட்டுக்கொண்டு செய்தித்தாளில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, இந்தச் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர் திருவாய் மலர்ந்ததுதான்.

"சாயங்காலம் நாலு மணிக்கு மாப்பிள்ளை வர்றார். கூட்டிட்டுப் போகத்தான். பையை எடுத்து வெச்சுக்கோ."

சின்னவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இடக்கையில் இரண்டு விரலுக்குச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்ததால், வந்த நாளிலிருந்து காலையில் இது அண்ணியின் வேலையாகிவிட்டது. மாமனார் பேசி முடித்ததும் கைக்குள் இருந்த தலை ஒரு தடவை அசைந்தது. பிறகு அசையவே இல்லை.

"என்ன பேச்சையே காணோம்? கல்யாணமாகி ரெண்டு வருஷம்தான் ஆகுது. ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

விடிந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவர் சொல்வது இது ஐந்தாவது முறை. டீயில் சர்க்கரை குறைந்ததற்கு ஒன்று. குளியலறைக் குழாய் ஒழுகுவதற்கு ஒன்று. திங்கட்கிழமை ஆள் வரும் வரை எல்லோரும் அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். ஆடும் நாற்காலிக்கு ஒன்று. சின்னவள் சோபாவில் படுப்பதற்கு ஒன்று. இப்போது இது. அவருக்கு அந்த ஒரு வார்த்தை இருந்தால் போதும். குழாய், நாற்காலி, மகள் எல்லாவற்றையும் ஒரே ஸ்பேனரில் முடுக்கிவிடுவார்.

"விரல் ரெண்டும் இன்னும் மடங்கல மாமா" என்றாள் அண்ணி.

"பாத்தியா, அகராதி வாயைத் திறந்துடுச்சு" என்று மாமனார் சிரித்தார்.

அகராதி என்பது இந்த வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். அவள் வேலை பார்ப்பது அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில். ஆனால் மாமனார் அந்தப் பெயரை வேலைக்காக வைக்கவில்லை, வாய்க்காக வைத்தார். பதினாறு வருஷத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியது விரல் விட்டு எண்ணிவிடலாம். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலை செய்வான், பயமே கிடையாது. (குடியிருப்பது என்னவோ லிஃப்டே இல்லாத கட்டிடத்தின் மூன்றாம் மாடியில்.) அப்பா எதிரில் நின்று ஓர் 'ஆனா' போடச் சொன்னால் மட்டும் அவனுக்குக் கால் நடுங்கும்.

"நீங்க பேசறேன்னு சொன்னீங்களே?"

"சாயங்காலம் வரட்டும். பாத்துக்கலாம்" என்று சாப்பாட்டு டப்பாவை மூடினான்.

பாத்துக்கலாமாம். அவளுக்கு இவர்கள் அத்தனை பேர் மேலும் அருவருப்பாக இருந்தது. வெந்நீரில் விழுந்து மிதக்கும் கரப்பானைப் பார்த்தால் வருமே, அப்படி ஒன்று. கோபமாக இருந்தால் கத்தித் தொலைக்கலாம். இதை என்ன செய்வது?

"அண்ணி, நாலு மணிக்குள்ள வந்துருவீங்கல்ல?" சின்னவள் திரும்பாமல் கேட்டாள்.

"மூணுக்கே வந்துடறேன்."

---

அகராதி அலுவலகம் என்றால் பெரிய கட்டிடம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலச் சீட்டுகள், கட்டுக்கட்டாக.

நம் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் நம்மிடம் வந்து என்னென்ன அர்த்தம் பெற்றிருக்கின்றன என்று சொல்லும் அகராதி அது. அங்கே சட்டம் கறார். கற்பனையாக வாக்கியம் எழுதக் கூடாது. யாரோ ஒருவர் நிஜமாகவே பேசியதாக இருக்க வேண்டும். காதில் விழுந்த கையோடு சீட்டில் எழுதி, மேலே தேதி, கீழே சொன்னவர் யார், எந்த இடம் என்று குறிக்க வேண்டும். சொன்னவர் யார் என்று இல்லாத சீட்டு குப்பைக்குப் போகும். உள்ளே வந்த சீட்டு எதுவும் வெளியே போகக் கூடாது.

அதனால் இரண்டு வருஷமாக அவள் பையில் எப்போதும் வெற்றுச் சீட்டு இருக்கும். பஸ்ஸில் எழுதுவாள், ரேஷன் வரிசையில் எழுதுவாள், அடுக்களையில் கரண்டியை வைத்துவிட்டு எழுதுவாள். மாமனார் அகராதிக்கு ஆற்றிய தொண்டு அவருக்கே தெரியாது.

இன்று 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லுக்கு அர்த்தங்களை முடித்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். மேஜையில் பதினெட்டுச் சீட்டுகள். எதிரே பதிப்பாசிரியர். அவளைவிட ஆறு வயது இளைய பெண்மணி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்.

"முதல் அர்த்தம் சுலபம்" என்றார் பதிப்பாசிரியர். "இயந்திரத்தைத் திருகிச் சரிசெய்றது. 'லிஃப்ட் கதவை அட்ஜஸ்ட் பண்ணிட்டேன், இனிமே கை பட்டா தானா திறந்துக்கும்.' சொன்னது உங்க வீட்டுக்காரர். நல்ல வாக்கியம்."

"ம்."

"ரெண்டாவது, பஸ்ல தள்ளி உக்காந்து இடம் குடுக்கறது. மூணாவது, வேலை நேரத்தை மாத்திக்கறது. நர்ஸ் சொன்னது. நாலாவது, 'மார்க்கைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போடுங்க சார்.' திருட்டுத்தனத்துக்கு மரியாதையான பேரு." சிரித்துவிட்டு மிச்சச் சீட்டுகளைக் கையில் எடுத்தார். "இதெல்லாம் என்ன? ஏழு சீட்டு. ஆறு உங்க மாமனார் சொன்னது. எல்லாம் ஒரே ஆளைப் பாத்து சொன்ன மாதிரி இருக்கு."

"என் நாத்தனாரைப் பாத்து."

பதிப்பாசிரியர் ஒவ்வொன்றாகப் படித்தார். முதலில் சத்தமாகப் படித்தார், மூன்றாவது சீட்டிலிருந்து மனசுக்குள் படித்தார். ஆறாவது சீட்டில் கதவிடுக்கில் நசுங்கிய விரலைப் பற்றிய பேச்சு வந்தது.

"இதுக்கு என்ன பொருள் போடலாம்? விட்டுக்கொடு?"

"விட்டுக்குடுக்கறதுன்னா ரெண்டு பக்கமும் கொஞ்சம் விடணும் மேடம்."

"சகித்துக்கொள்?"

"சகிச்சுக்கறது நாமளா செய்யறது. இது ஒருத்தர் இன்னொருத்தரைச் செய்யச் சொல்றது. சொல்றவங்களுக்கு எங்கயும் வலிக்காது."

"அப்ப அதையே எழுதுங்க."

அவள் எழுதினாள்: 'தனக்கு நோகாத ஒன்றைப் பிறர் பொறுத்துக்கொள்ளும்படி சொல்.' எழுதி முடித்ததும் ஒரு திருப்தி வந்தது. மாமனாரின் முகத்தில் ஓங்கி ஒன்று வைத்த மாதிரி இருந்தது. அந்தத் திருப்தி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"இந்த ஏழாவது சீட்டுல சொன்னவர் பேரு இல்லையே?" என்று பதிப்பாசிரியர் நீட்டினார். "வாக்கியம் ரொம்ப நல்லா இருக்கு. 'முதல் ரெண்டு வருஷம் எல்லா வீட்லயும் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' போன்ல. ஏழு மாசம் முன்னாடி. யாரு சொன்னது? இதுவும் மாமனாரா?"

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான்.

ஏழு மாசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இதே மேஜைக்குத்தான் சின்னவள் போன் செய்தாள். அவர் இரண்டு நாளாகப் பேசுவதில்லை, நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார், சுவரெல்லாம் கறை, நானே துடைத்தேன் என்று அழுதாள். அண்ணிக்குக் கையில் வேலை. ஒரு கண் ப்ரூஃபில் இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னாள். போனை வைத்தாள். வைத்ததும், அடடா, எவ்வளவு இயல்பான வாக்கியம் என்று தோன்றியது. உடனே ஒரு சீட்டு எடுத்து எழுதினாள். கீழே 'நான்' என்று எழுத மட்டும் கூச்சமாக இருந்ததால் அந்த இடத்தை விட்டுவிட்டாள்.

அழுகிறவளுக்கு அரை நிமிஷம். வாக்கியத்துக்கு ஒரு சீட்டு. சே!

"ஞாபகம் இல்ல மேடம்."

"அப்ப குப்பைல போடுங்க. அநியாயம், நல்ல வாக்கியம்."

அவள் குப்பையில் போடவில்லை. பதிப்பாசிரியர் திரும்பியதும் சீட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாஷ்பேசின் முன்னால் போய் நின்றாள். முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடியில் தெரிந்த முகத்தில் மாமனாரின் சாயல் இருப்பதுபோல் பட்டது. ரத்த சம்பந்தமே இல்லாத மனிதர்!

---

மூன்றரைக்கே பல் டாக்டர் வந்துவிட்டார்.

ஊரே நல்லவர் என்று சொல்லும் ஆள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று மாமனார் பெருமை பேசுவார். அடுத்தவர் வாயில் விரல் வைப்பதுதான் அவர் தொழிலே என்று அண்ணி மனசுக்குள் நினைத்துக்கொள்வாள். மெல்லிய குரல். சுத்தமான கை. நகம் ஒவ்வொன்றும் வெள்ளை வெளேர் என்று வெட்டியிருக்கும். அறைக்குள் வந்தால் முதலில் சோப்பு வாசனை வரும், பிறகுதான் அவர் வருவார்.

சோபாவில் உட்காருவதற்கு முன் ஒரு டிஷ்யூ எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார். இருபத்து மூன்று நாளாகச் சின்னவள் படுத்த இடம். துடைத்த டிஷ்யூவை நாலாக மடித்து டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கேக் வாங்கிட்டு வந்தேன் மாமா. சர்க்கரை கம்மிதான்."

"பாத்தியாடா, பெரியவங்க உடம்பை எப்படிக் கவனிக்கிறார்!" என்று மாமனார் மகன் பக்கம் திரும்பினார். லிஃப்ட் மெக்கானிக் தலையாட்டினான்.

"எங்கே, கையைக் காட்டு" என்றார் பல் டாக்டர், சின்னவளிடம்.

அவள் காட்டவில்லை. அவரே எழுந்து போய்க் கட்டுப் போட்ட கையைத் தூக்கி, டாக்டர் முகத்தோடு திருப்பிப் பார்த்தார். லேசாக அழுத்தினார். சின்னவள் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"வீக்கம் போயிடுச்சு. கதவுதான் மாமா பழசு. காத்துக்கு அடிச்சுக்கும். ஆள் வெச்சு மாத்திட்டேன்."

"பாரு! உனக்காகக் கதவையே மாத்திருக்கார். எவ்வளவு அட்ஜஸ்ட் பண்றார்!"

"அவ சின்னப் பொண்ணு மாமா. நானும் அட்ஜஸ்ட் பண்ணிட்டுதான் போறேன்."

அண்ணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சுத்தமான விரல்கள் கட்டின் மேல் இன்னும் இருந்தன. கணவனைப் பார்த்தாள். இப்போதாவது பேசு, ஒரு வார்த்தை போதும். அவன் கேக் பெட்டியின் நூலை அவிழ்ப்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தான்.

"சரி, கிளம்பு. பை எங்க?" என்றார் மாமனார்.

சின்னவள் கையை உருவிக்கொண்டாள். "அண்ணி சொல்லட்டும்."

"அண்ணியா? உங்கப்பன் நான் உக்காந்திருக்கேன்."

"அண்ணி போன்னு சொன்னா போறேன்ப்பா."

எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் அண்ணிக்கு வார்த்தையை மென்று விழுங்கியே பழக்கம்.

"போகாதே" என்றாள். "கதவு காத்துல அடிக்கல. இவர் பிடிச்சு வெச்சு சாத்தினார். இவரோட போகாதே."

மாமனாரின் முகம் சிவந்தது. "ஏய், அகராதி! யாரு வீட்ல நின்னுக்கிட்டு..."

"இருங்க மாமா." பல் டாக்டர் கோபப்படவில்லை. சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டு அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். பல் வரிசை சீராக இருந்தது. "அக்காவா இப்படிப் பேசறாங்கன்னு ஆச்சரியமா இருக்கு. ஏழு மாசம் முன்னாடி போன்ல அவங்க சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. 'முதல் ரெண்டு வருஷம் எல்லா வீட்லயும் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' கேட்டதும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அவங்க வீட்லயே புரிஞ்சுக்கறாங்க, நாம ஒண்ணும் தப்பா நடந்துக்கலைன்னு தோணுச்சு."

ஒரு எழுத்து பிசகவில்லை. சீட்டில் இருந்தது போலவே சொன்னார்.

"ஒட்டுக் கேட்டீங்களா?" என்றாள் அண்ணி. அவள் குரல் அவளுக்கே கேவலமாகக் கேட்டது.

"எதுக்கு ஒட்டுக் கேக்கணும்? ஸ்பீக்கர்ல இருந்துச்சு."

"நான்தான் போட்டேன்" என்றாள் சின்னவள்.

அவள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள். "நீங்க திட்டுவீங்கன்னு நினைச்சேன் அண்ணி. அகராதி இல்லையா நீங்க. 'என்ன நினைச்சிட்டு இருக்கான் அந்த ஆளு'ன்னு நீங்க கத்தறது அவர் காதுல விழட்டும்னு ஸ்பீக்கர் போட்டு அவர் முன்னாடி வெச்சேன். எனக்குன்னு கேக்க ஆள் இருக்குன்னு அவருக்குத் தெரியணும்னு நினைச்சேன்."

லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் கேக் பெட்டியின் நூல் அறுந்தது.

"அதுக்கப்புறம்தான் அவர் கை நீட்ட ஆரம்பிச்சார்."

அண்ணி மடங்கி அவள் எதிரில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னும் ஒரு தடவை பூசி மெழுகினால் தானும் அந்த சோபாவில் டிஷ்யூவை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று தோன்றியது.

"அன்னைக்கு நான் சொன்னது அசிங்கம்" என்றாள். "நீ சொன்னதை நான் சரியாக் கேக்கக்கூட இல்ல. சொல்லிட்டு, நல்ல வாக்கியமா இருக்குன்னு சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டேன். அதையும் நீ தெரிஞ்சுக்கணும்."

"எழுதி வெச்சீங்களா? எதுக்கு?"

"அகராதிக்கு."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். கட்டின் மேல் அந்த விரல்கள் இருந்தபோது கணவரைப் பார்த்தாளே, அதே பார்வை. அதைவிட ஒரு பிடி கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். அவரிடம் அவள் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

எழுந்தாள். கதவோரம் இருந்த பையை நல்ல கையால் எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சமத்து" என்றார் மாமனார். "இதுக்குத்தான் சொன்னேன்."

"அவரோட போகலப்பா" என்றாள். "இங்கயும் இருக்கல."

செருப்பைக்கூட மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். பிறகு படிகளில் அவள் ஓடும் சத்தம் கேட்டது.

முதலில் எழுந்தவர் பல் டாக்டர். கதவுக்கும் அவருக்கும் நடுவில் எட்டு அடி. அண்ணிக்கு மூன்றடிதான். அவள் வெளியே பாய்ந்து, முதல் திருப்பத்தில், ஒரு ஆள் மட்டுமே இறங்கக்கூடிய அந்தக் குறுகல் படியில் நின்று இரண்டு கையையும் சுவர்களில் ஊன்றிக்கொண்டாள்.

"எங்க போறே?" என்று கீழ்நோக்கிக் கத்தினாள்.

"சொன்னா எழுதி வெச்சுக்குவீங்க" என்று பதில் வந்தது, இரண்டாம் மாடியிலிருந்து.

அது வலித்தது. வலிக்கட்டும் என்று அவள் நினைத்தாள். சின்னவள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். தெருவுக்குப் போய்விட்டால் போதும். கீழே இரும்புக் கேட் ஒன்று உண்டு, சாத்தினால் மூன்று மாடிக்கும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும் வரை இங்கிருந்து அசையக் கூடாது.

"வழி விடுங்க அக்கா." குரல் இப்போதும் மெல்லியதாகத்தான் இருந்தது. சோப்பு வாசனை பின்னங்கழுத்து வரை வந்தது.

அவள் அசையவில்லை.

"மரியாதையா சொல்றேன்."

அந்தக் கை அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. வெள்ளை நகம் நான்கும் சட்டைத் துணிக்குள் அழுந்தின. சின்னவளின் விரலைக் கதவிடுக்கில் பிடித்து வைத்த கை. அவள் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

மேலே மாமனார் கத்திக்கொண்டிருந்தார். "டேய், போடா! போய் உன் பொண்டாட்டியை இழுத்துட்டு வாடா!"

லிஃப்ட் மெக்கானிக்கின் கனமான காலடிச் சத்தம் படியில் இறங்கி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. டாக்டருக்குப் பின்னால் ஒரு படி மேலே வந்து நின்றது. அவன் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது. யாரைப் பிடிக்க வந்திருக்கிறான் என்று திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

கேட் சத்தம் இன்னும் வரவில்லை.